பரசுராமன் சார் தேர்ந்தெடுத்த வால்வு

செய்தி வந்தபோது நான் லேபில், தோலை மடக்கிச் சோதிக்கும் ஃப்ளெக்ஸ் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பழைய போட்டோ ஒன்று, அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக. பக்கத்து மேஜையில் பசை சோதனை பார்த்துக்கொண்டிருந்த பவானி, "அக்கா, பரசுராமன் சார் போய்ட்டாராமே" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தாமல் ஓடவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இனிமேல் யாரிடம் போய் இந்தச் சண்டையைப் போடுவது என்ற கோபம்.

மறுநாளே ஆபீஸிலிருந்து ஒருவர் லேபுக்கு வந்தார். சாருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "அவரோட ஜாஸ்தி வருஷம் வேலை செஞ்சது நீங்கதான் மேடம். நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார். நல்லதாக நாலு வரி எழுத இந்தக் கம்பெனியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கண்டிப்பானவர், நேர்மையானவர், ஏழைகளுக்கு இரங்கியவர் என்றெல்லாம் அவர்கள் எழுதட்டும். நான் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். போட இஷ்டமில்லாவிட்டால் போட வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

அவரை அறியாத புதுப் பிள்ளைகளுக்காக: ஆம்பூர் பக்கத்தில் இருக்கும் நம் ஷூ கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கு அவர்தான் தலைவர். தோல், அட்டை, பசை, நூல் எது வந்தாலும் அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் உள்ளே போகும். நடக்கும்போது ஷூ விரலடியில் மடங்கும் அல்லவா, அந்த இடத்தில் தோல் வெடிக்குமா என்று பார்க்கத்தான் ஃப்ளெக்ஸ் மெஷின். ஒரு தோல் துண்டை மாட்டிவிட்டால் அது பாட்டுக்கு மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்த துண்டை ஒரு முறை, நனைத்த துண்டை ஒரு முறை ஓட்டுவது வழக்கம். "ஈரத்துல ஓட்டாத தோலப் பத்தி வாயத் தொறக்காத" என்பது அவர் தினமும் சொல்லும் வாசகம். அதை மறந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டு வந்த ஒரு பையனை, கேன்டீன் வரிசையில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து அவர் கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. அந்தப் பையன் அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டான்.

ஒரு முறை பழுப்பு ஷூ ஒரு லாட் முழுவதும் அடித்தோல் கழன்று வருகிறது என்று நிறுத்திவிட்டார். கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு. முதலாளியே லேபுக்கு வந்தார், நாற்காலியில்கூட உட்காரவில்லை. "இந்த ஒரு தடவை பாஸ் போடுங்க பரசு" என்றார். இவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தோலு பொய் சொல்லாது சார், நானும் சொல்லமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார். முதலாளி திரும்பிப் போய்விட்டார். அந்த லாட் போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் மாதனூர்க்காரி. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் முரளியும் இதே கம்பெனியில்தான் இருந்தார். இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம். லேப் மாடியில். அந்தப் படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு முட்டும். பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். "இன்னாம்மா, படியில குடித்தனமா?" என்று முதலில் திட்டியவர் அவர்தான். பிறகு ஒருநாள் என் உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், உடனே கம்பெனி காரை வரவழைத்து வேலூருக்கு அனுப்பினார். அவரும் கூடவே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. என் அப்பாவுக்கும் முரளிக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. படித்தவர் கூட வருகிறார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். என் விஷயத்தில் அவர் கை வைத்தது அங்கேதான் தொடங்கியது.

வேலூரில் டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் இதயத்தை இரண்டாகத் திறந்து காட்டினார். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது பக்கம், உடம்பைச் சுற்றிவிட்டு வந்த ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம், நுரையீரலில் காற்று வாங்கிக்கொண்டு வந்த ரத்தத்தை உடம்புக்குத் தள்ளுகிறது. மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகும் வழியில் பக்கத்துக்கு ஒன்று, கீழ் அறையை விட்டு வெளியேறும் வழியில் பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு வால்வு. நான்குக்கும் வேலை ஒன்றுதான், போன ரத்தம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது. வால்வு தானாக எதையும் தள்ளுவதில்லை. முன்னாலிருந்து அழுத்தம் வந்தால் திறக்கும், பின்னாலிருந்து வந்தால் மூடும், அவ்வளவுதான். டாக்டர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற லப்-டப் இந்தக் கதவுகள் சாத்தும் சத்தமாம். இதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும்.

இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் வால்வுக்கு மட்டும் இரண்டு இதழ், மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. அந்த இரண்டு இதழின் ஓரத்திலிருந்து மெல்லிய கயிறுகள் இறங்கிக் கீழ் அறையின் தசையில் கட்டியிருக்கின்றன. கீழ் அறை இறுகி ரத்தத்தைத் தள்ளும்போது இதழ் மேல் பக்கம் புரண்டுவிடாமல் அவை இழுத்துப் பிடிக்கும். என்னுடைய கோளாறு அங்கேதான் இருந்தது. சின்ன வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து முட்டிக்கு முட்டி வீங்கியதும், தைலம் தேய்த்துச் சரியாகிவிட்டது என்று எல்லோரும் அதை மறந்ததும் உண்மை. முட்டி சரியாகிவிட்டது, இதயத்தில்தான் அது தங்கிவிட்டது. இதழ்களின் ஓரம் ஒன்றோடொன்று ஒட்டி, சுண்ணாம்பு படிந்து, கயிறுகள் தடித்துக் குறுகி, வழி வெறும் பட்டன் துளை அளவுக்கு ஆகியிருந்தது. கீழே இறங்க முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கியதால்தான் படியில் மூச்சு முட்டியிருக்கிறது. பலூன் விட்டு விரிக்கும் கட்டம் தாண்டிவிட்டது, வால்வை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டரம்மா.

மேஜையில் இரண்டு மாதிரி வால்வுகளை வைத்தார். ஒன்று உலோக வளையத்துக்குள் கறுப்பாக இரண்டு தகடு. காலத்துக்கும் உழைக்கும், ஆனால் அதன்மேல் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுவதும் மாத்திரை. அந்த மாத்திரையோடு பிள்ளை பெறுவது ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆகாது, தாய்க்கும் ஆகாது. இன்னொன்று மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையைப் பதப்படுத்திச் செய்தது. அதற்கு அந்த மாத்திரை ஆயுசுக்கும் தேவைப்படாது. ஆனால் சின்ன வயசுக்காரர்களுக்குச் சில வருஷங்களில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும், அப்போது மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும். பரசுராமன் சார் அந்தத் தோல் வால்வைக் கையில் எடுத்து, தோல் தரம் பார்ப்பதுபோலவே கட்டைவிரலால் மடக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "இது இன்னா டேனிங் டாக்டர்?" என்றார். தோலைப் பதப்படுத்துவதைத்தான் நாங்கள் டேனிங் என்போம். டாக்டரம்மா ஒரு ரசாயனத்தின் பெயரைச் சொன்னார். "அட, இதே சரக்குதான் நாங்களும் வெள்ளத் தோலுக்குப் போடறோம்" என்று இவர் சொன்னபோது டாக்டரம்மா சிரித்துவிட்டார். யோசித்து வந்து சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது காரில் முரளியிடம் மெதுவாகச் சொன்னேன். "எனக்குத் தோலு வால்வே போதும்ங்க. ஒரு கொழந்தையாவது பெத்துக்கணும். மறுபடி தொறக்கணும்னா அப்போ பாத்துக்கலாம்." முரளி சரி என்றுதான் சொன்னார். முன் சீட்டில் இருந்த தலை திரும்பவில்லை.

அந்த வாரமே ஒருநாள் சார் என்னிடம் ஒரு வெள்ளைத் தோல் துண்டைக் கொடுத்து ஃப்ளெக்ஸில் மாட்டச் சொன்னார். ஷூவின் உள்பக்கம் வைக்கும் லைனிங் சாம்பிள் என்றார். மொடமொடவென்று காய்ந்திருந்தது. "ஈரத்துல ஒண்ணு ஓட்ட வேணாமா சார்?" என்று கேட்டேன். "சொன்னதச் செய்யி" என்றார். மாட்டினேன். சாயங்காலம் என் அப்பாவும் முரளியும் லேபுக்கு வந்து நின்றார்கள். எதற்கு வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சார் மெஷினை நிறுத்தி, துண்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் குறுக்காகத் தெளிவாக ஒரு வெடிப்பு.

"இதான் அந்த வால்வுக்குப் போடற டேனிங். உன் கையாலயே ஓட்டின, உன் கண்ணாலயே பாரு" என்றார் என்னிடம். அப்பா மேல்துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முரளி அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். என் நெஞ்சுக்குள் ஒன்று அப்படி வெடிப்பதை நினைத்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. முதலாளிக்கே பொய் சொல்லாத மனிதர் காட்டிய சோதனை அது. அடுத்த முறை டாக்டரம்மா கேட்டபோது உலோகம் என்று என் வாயாலேயே சொன்னேன். "கொழந்தை விஷயம் யோசிச்சீங்களா?" என்று அவர் மறுபடியும் கேட்டார். தலையாட்டினேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கண் விழித்துச் சில நாளில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. டிக், டிக். வார்டில் கடிகாரம் என்று நினைத்தேன், என் நெஞ்சுதான். தகடுகள் சாத்தும் சத்தம். கூட்டம் இல்லாத இடத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். முரளிக்கு அது பிடிக்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வீட்டில் படுத்திருந்த நாட்களில்தான் எனக்கு உறைத்தது. காய்ந்த துண்டு. இதயத்துக்குள் எது காயும்? ரத்தத்திலேயே ஊறிக் கிடக்கும் ஒன்றுக்கு அவர் காய்ந்த துண்டை ஓட்டிக் காட்டியிருக்கிறார். அதுவும் தடித்த லைனிங் தோல். தன் வாயால் தினமும் சொன்ன விதியைத் தானே மீறி, அதையும் என் கையாலேயே செய்ய வைத்திருக்கிறார். ஒருவேளை மறதியாக இருக்குமோ என்று மனதை எவ்வளவோ தேற்றிப் பார்த்தேன். அவருக்கு மறதி கிடையாது.

டாக்டரம்மா எச்சரித்ததை மீறி ஒரு முறை வயிற்றில் தங்கியது. மூன்றாம் மாதம் போய்விட்டது, ரத்தம் நிற்காமல் என்னையும் கொண்டுபோகப் பார்த்தது. அதன் பிறகு என் மாமியார் வீட்டில் பேசிய பேச்சை இங்கே எழுத விருப்பமில்லை. முரளி ராணிப்பேட்டை பக்கம் வேறு கம்பெனிக்குப் போனார். முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு வரவில்லை. இப்போது அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியது பத்தாவது படிப்பதாகக் கேள்வி.

இந்த அழகில், பரசுராமன் சார் என் மாத்திரைக்கும் மேஸ்திரி ஆனார். காலையில் லேபில் நுழைந்ததும், எத்தனை பேர் இருந்தாலும், "மாத்திரை போட்டியா?" என்று சத்தமாகக் கேட்பார். மாத்திரையின் அளவு சரியா என்று மாதாமாதம் ரத்தத்தைப் பார்க்க வேண்டும்; மாதம் பிறந்தால், "ரத்தம் டெஸ்ட் பாத்தியா?" கேன்டீனில் கீரை போடும் நாளில் என் தட்டைப் பார்த்துக்கொண்டே வருவார், இருந்தால் எடுத்துவிடுவார். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்குமாம். முருங்கைக்கீரை இல்லாமல் எத்தனை வருஷம் தின்றேன் தெரியுமா? அளவு மாறாமல் சாப்பிட்டால் கீரை சாப்பிடலாம் என்று பின்னால் டாக்டரம்மாதான் சொன்னார். இதைப் பார்த்து எவ்வளவு அக்கறை என்று இங்கே எல்லோரும் உருகினார்கள். எனக்குப் பேஜாராக இருக்கும். அவர் ஒரு மெஷினைப் பொருத்தியிருக்கிறார், அது சரியாக ஓடுகிறதா என்று வந்து பார்த்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் ஓய்வு பெற்றுப் போனபோது நான் மாலை போடவில்லை. சில வருஷம் கழித்து அவருக்கே இதயத்தில் கோளாறு என்று கேள்விப்பட்டேன். கீழ் அறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் வால்வு, வயதாகி விறைத்துப் போயிருந்ததாம். காலில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எந்த வால்வு என்று சொன்னவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தாகவேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அவர் மனைவி டீ போட உள்ளே போனதும் கேட்டேன். "உங்களுக்கு எது சார் வெச்சாங்க?"

"தோலுதான்மா. என் வயசுக்கு அதான் வெப்பாங்க."

"ஈரத்துல ஓட்டிப் பாத்தீங்களா?"

அவர் இளைத்துப் போயிருந்தார், கண் மட்டும் அதே கண். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஃபேனுக்கு அடியில அந்தத் துண்டக் காய வெச்சது நாந்தான்" என்றார். "ஈரத்துல ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. கார்ல நீ உன் புருஷன்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் சார்?"

"அந்த வால்வு தேஞ்சுபோவும், ரெண்டாவது தபா நெஞ்சத் தொறக்கணும்னு டாக்டர் சொன்னாங்க இல்ல? மொத தபா ஆபரேஷன்னு சொன்னதுக்கே உன் மாமியா வீட்ல எவ்ளோ பேச்சு பேசினாங்க. ரெண்டாவது தபா உன்ன யார் கூட்டிட்டு வருவாங்கன்னு யோசிச்சேன். உன் புருஷன் வரமாட்டான்னு தோணுச்சு." பிறகு என்னையே கேட்டார். "இருந்தானா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உலகத்தில் எல்லோருக்கும் இருக்கலாம், அவருக்கு மட்டும் கிடையாது. "கொழந்தை இல்லன்னுதானே சார் அவரு போனாரு" என்றேன். "கொழந்தை இல்லாதது யாரால?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "உயிரோட இருக்க இல்ல?" என்றார்.

"இருக்கேன் சார். அத என்னக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்."

"கேட்டா நீ கொழந்தன்னுதான் சொல்லுவ."

"சொன்னா அதான் சார் பதிலு. அது என் நெஞ்சு."

டீ வந்தது. அவர் மனைவி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பரசுராமன் சார் தன் டம்ளரை வாங்கிக் குனிந்தபடியே டீயை ஆற்றினார். மன்னிப்பு என்ற வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன், பொய் சொல்வானேன். தலையை நிமிர்த்தி அவர் கேட்டது இதுதான்: "இந்த மாசம் ரத்தம் டெஸ்ட் பாத்தியா?" நான் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

முதலாளி கேட்டும் பொய் சொல்லாத அந்த மனிதர் வாழ்நாளில் பொய்யாக ஓட்டிய சோதனை ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது. சிலர் இதைப் படித்துவிட்டு, உன்மேல் அவ்வளவு பாசம் என்பார்கள். இருக்கலாம். அந்தப் பாசத்துக்கு என் வாழ்க்கையை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். முரளி ஓடிப்போவார் என்று முன்கூட்டியே தெரிந்தவர்போல் பேசினார், ஓடிப்போவதற்கான காரணத்தையும் அவரே என் நெஞ்சில் வைத்துத் தைக்கச் செய்தார். தோல் வால்வு வைத்திருந்தால் ஒரு பிள்ளை பிறந்திருக்கும், முரளி இருந்திருப்பார், இரண்டாவது தடவை அவரே கூட்டிப்போயிருப்பார். அல்லது போயிருக்க மாட்டார், நான் செத்திருப்பேன். எது நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கிருந்த ஒரே வழியை அவர் அடைத்துவிட்டார்.

நேற்று கம்பெனியில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம். கேன்டீன் ஹாலில் படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். முதலாளி பேசினார், பழுப்பு ஷூ கதையைத்தான் சொன்னார். பிறகு எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள், ஃபேனைக்கூட யாரோ அணைத்துவிட்டார்கள். இந்தக் கம்பெனி அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த அமைதியில் டிக், டிக் என்று கேட்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற பவானி என் மணிக்கட்டைப் பார்த்தாள். நான் வாட்ச் கட்டுவதில்லை. முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது, இன்னொன்றும் திரும்பியது. வழக்கமாக இப்படி ஆனால் முந்தானையை இழுத்து நெஞ்சோடு அழுத்திக்கொள்வேன். நேற்று அப்படிச் செய்யவில்லை. அவர் என்னிடம் விட்டுப்போனது இதுதான், நன்றாகக் கேட்கட்டும் என்று கையைக் கீழே விட்டு நின்றேன். படத்தில் அவர் அதே கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலாஜாபேட்டையில் பதில் சொல்லாமல் வந்த கேள்வி ஞாபகம் வந்தது.

பாத்துட்டேன் சார். இந்த மாசம் சரியாத்தான் இருக்குது.